மாதிரிப் பொல்லு

ஒன்பதாம் அத்தியாயம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு லொறி வந்து ஒழுங்கையை அடைத்துக்கொண்டு நின்றது. பின்பலகையை அவிழ்த்ததும் பொல்லுகள் சரிந்து விழுந்தன. அறுபது பொல்லுகள், குண்டாந்தடிகள். அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டுச் சீனியம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடிக்கொண்டாள்.

ஆறாயி பட்டறை வாசலில் நின்றாள். லொறிக்காரன் அவளை விலகச் சொல்லவில்லை. தள்ளினான். படிக்கல்லில் முழங்கால் மோதி அவள் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு கிழமைக்கு முன் இதே பொல்லுகள் இதே ஜிந்துப்பிட்டிப் பட்டறையிலிருந்துதான் போயின. துறைமுகத்தில் வேலைநிறுத்தம் தொடங்கியதும் சரக்குக் கொம்பனி ஒன்று தனக்கென்று காவல்காரர்களைச் சேர்த்தது. ஆளுக்கொரு பொல்லு. கறுப்பாக இருக்க வேண்டும், வெயிலில் மின்னக் கூடாது, வியர்த்த கையில் வழுக்கக் கூடாது என்று கொம்பனித் துரை கேட்டார். அலுமாரிகளுக்கும் பியானோக்களுக்கும் முகம் பார்க்கும்படி மினுக்கம் ஏற்றுகிற சுடலைமுத்து, முதல் தடவையாக மினுங்காத வேலை ஒன்றை ஒப்புக்கொண்டான். எதற்கென்று அவனும் கேட்கவில்லை. அவன் மனைவி ஆறாயியும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை நிலக்கரி ஜெட்டியில் அந்தப் பொல்லுகள் வேலைநிறுத்தக்காரர்கள் மேல் இறங்கின. ஆறாயியின் தம்பி சங்கிலியைப் பலகையில் கிடத்தி வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். சட்டையைக் கழற்றித் தலையில் துணி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். சனிக்கிழமை விடியுமுன் அவன் இறந்தான்.

கொம்பனி ஒரு வரியில் பதில் சொன்னது. எங்கள் ஆட்கள் பொல்லைத் தூக்கவே இல்லை. அந்த ஆள் ஓடும்போது விழுந்து கல்லில் அடிபட்டான்.

மரண விசாரணை திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, நீதவான் முன்னால்.

லொறியின் முன்பக்கத்திலிருந்து ஒஸ்வால்ட் இறங்கினான். கொம்பனியின் மேற்பார்வையாளன். முதல் பூசை முடித்து நேரே வந்திருந்தான். வெள்ளை ட்ரில் சூட், மார்புப் பையில் மடித்த வெள்ளைக் கைக்குட்டை. நான்கு காவல்காரர்கள் அவனுக்குப் பின்னால் வந்தார்கள். ஒருவனுடைய தோளைப் பிடித்து அவன் திருப்பி நிறுத்தினான். வெள்ளைக் காற்சட்டையின் இடுப்போரத்தில் ஒரு முழ நீளத்துக்குக் கறுப்பு இழுபட்டிருந்தது.

"இது என்ன?"

சுடலைமுத்து குனிந்து பார்த்தான். "கறுப்பு ஒட்டியிருக்குங்க."

அறை விழுந்தது. சுடலைமுத்துவின் தலை நிலைக்கதவில் இடித்தது.

"உன்ட கறுப்பு, மேன். கையில பட்டா கையில. களிசான்ல பட்டா களிசான்ல. தொட்ட இடமெல்லாம் அச்சுப் போடுது. பின்னேரம் அஞ்சு மணிக்கு அறுபதையும் கழுவிப் புதுசாப் பூசி வச்சிருக்கோணும். மங்கலாத்தான். ஆனா ஒட்டக் கூடாது. விளங்குதா?"

"நாலு நாள்ல வேணும்னீங்க. நாலு நாள்ல செஞ்சா இப்பிடித்தான்..."

இரண்டாவது அறையில் உதடு கிழிந்தது.

மினுக்கத்தைக் கொல்ல இரண்டு வழி உண்டு. அரக்கும் கரியும் கரைத்த ஸ்பிரிட்டில் சீமைச்சுண்ணாம்புத் தூளை அள்ளிக் கலக்கலாம். காய்ந்ததும் மேற்பரப்பு சொரசொரப்பாகி வெளிச்சத்தைச் சிதறடிக்கும். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் தூள் கூடிப்போனால் அதைப் பிடித்து வைக்க அரக்கு போதாது. பட்ட இடத்தில் உதிரும். இரண்டாவது வழியில் சுண்ணாம்பே இல்லை. கரி கலந்த அரக்கை மூன்று தரம் மெல்லிசாக ஏற்றி, அது நன்றாக மினுங்கிய பிறகு, கணவாய் மீன் ஓட்டுத் தூளையும் எண்ணெயையும் வைத்து அந்த மினுக்கத்தைத் தேய்த்துக் கெடுக்க வேண்டும். அது உதிராது.

கலவை போடுவது ஆறாயி. சுண்ணாம்பு இரண்டு கிண்ணத்துக்கு மேல் வேண்டாம் என்றாள். சுடலைமுத்து ஐந்து போடச் சொன்னான்.

அதனால்தான் வெள்ளிக்கிழமை தம்பியின் சட்டைக் கழுத்தில் இருந்த கறுப்பை அவள் பார்த்த உடனே அறிந்தாள். சங்கிலியின் மனைவி மயிலம்மா அந்தச் சட்டையை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். தொழிற்சங்கத்துக்காக வழக்கை எடுத்த வெள்ளவத்தை புரொக்டர் மக்கீன் சங்கத்தாரிடம் சொன்னது ஆறாயியின் காதுக்கும் வந்திருந்தது: "நிலக்கரி ஜெட்டியில யாருட சட்டை கறுப்பில்ல? பொல்லு ஒண்டு கொண்டு வாங்க."

இப்போது அறுபதும் அவள் காலடியில் கிடந்தன. ஐந்து மணிக்குப் பிறகு அப்படியொரு பொல்லு எங்கேயும் இருக்காது.

*

காவல்காரர்கள் எண்ணினார்கள். எண்ணிய பிறகு வாசலில் இரண்டு பேர், பின்கதவில் இரண்டு பேர்.

ஆறாயி ஸ்பிரிட் துணியை எடுத்து முதல் பொல்லைத் துடைத்தாள். துணி கறுத்தது. இரண்டாவது, மூன்றாவது. ஒன்பதாவது பொல்லின் நுனியில் துணி கறுக்குமுன் செம்மண் நிறமானது. அடுத்ததில் ஒரு மயிர் ஒட்டியிருந்தது. குட்டையான, சுருண்ட மயிர்.

அவள் நிறுத்தினாள்.

"என்ன பார்க்கிற?" என்றான் ஒஸ்வால்ட்.

"ஒன்னுமில்ல."

"அப்ப துடை."

அவள் துடைத்தாள்.

ஒஸ்வால்ட் பட்டறையைச் சுற்றி நடந்தான். சுவரில் ஒரு வெற்று ஆணியின் முன் நின்றான்.

"மாதிரி ஒண்டு இருந்ததே. துரை கையெழுத்து வச்சது. அது எங்க?"

அந்தத் தொழிலில் அது வழக்கம். முதலில் ஒன்றைப் பூசிக் காட்டுவார்கள். பிடித்திருந்தால் அதன் இடுப்பில் காகிதப் பட்டை ஒன்றைச் சுற்றி ஒட்டி, ஒட்டு வாயின் மேல் வாடிக்கைக்காரர் கையெழுத்து வைப்பார். வேலை முடிந்த பிறகும் மாதிரி பட்டறைச் சுவரில் தொங்கும். பிறகு தகராறு வந்தால் அதுதான் பேசும்.

சுடலைமுத்து ஆணியைப் பார்த்தான். நேற்று விளக்கு வைக்கும்போது அது அங்கே தொங்கியது. மனைவியின் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

"செல்லு அரிச்சிருச்சுங்க. அடுப்புல போட்டுட்டேன்."

"எப்ப?"

"போன வாரம்."

"ரெண்டு கிழமையில செல்லு அரிக்கிற மரத்திலயா எங்களுக்குப் பொல்லுச் செஞ்சே?"

ஒரு காவல்காரன் சிரித்தான். ஒஸ்வால்ட் தலையை அசைத்தான். சிரித்தவன்தான் அடித்தான். முதுகில் ஒன்று, தோளில் ஒன்று. சுடலைமுத்து அரக்குச் சட்டியின் மேல் விழுந்தான். மூன்றாவது அடி விலாவில். அவன் வேட்டியில் கறுப்புக் கோடுகள் பதிந்தன.

"அடுப்புலதாங்க," என்றான் மறுபடியும்.

ஆறாயி எழுந்தாள். "அவர அடிச்சுக்கிட்டே இருந்தா பூசுறது யாரு? அவரு கழுவிப் பூசட்டும். மூணு பூச்சு காயணும். அதுக்கப்புறம் தேய்க்கக் கணவாய் ஓடு வேணும். இங்க ஒரு பிடிதான் இருக்கு."

"வாங்கிக்கொண்டு வா."

"ஞாயித்துக்கெழம எந்தக் கட தொறந்திருக்கு? கடக்கரையில பொறுக்கணும்."

ஒஸ்வால்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "மூண்டு மணிக்கு இங்க நிக்கோணும். பிந்தினியெண்டா அந்த ஸ்பிரிட்ட வச்சு உன்ட மனுசனைத்தான் துடைக்கோணும்."

அவள் பின்னறைக்குப் போய்ப் பனங்கூடையை எடுத்துக்கொண்டு வந்தாள். நடக்கும்போது வலது கால் மடங்கவில்லை.

"கால்ல என்ன?"

"உங்க லொறிக்காரன் தள்ளினது."

முழங்காலில் சேலை நனைந்து சிவந்திருந்தது. ஒஸ்வால்ட் அதைப் பார்த்துவிட்டு வழிவிட்டான்.

தெருமுனை திரும்பும்வரை அவள் நொண்டினாள். திரும்பிய பிறகும் நொண்டினாள். மாதிரிப் பொல்லு தொடையோடு சேர்த்து மூன்று இடத்தில் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது.

*

பஸ் ஓடவில்லை. புறக்கோட்டைக்கு நடந்தாள். ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் வேலைநிறுத்தக்காரர்கள் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வரிசையாகத் தகரக் குவளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். யாரோ அவளை அடையாளம் கண்டார்கள்.

"பொல்லுக்காரன் பொண்டாட்டி போறா பாரு!"

"கருங்காலி! இன்னைக்கு எத்தன பொல்லுடி வித்த?"

முதல் கல் கூடையில் பட்டது. இரண்டாவது காதுக்கு மேலே. சூடாக ஏதோ கழுத்தில் இறங்கியது. அவளால் ஓட முடியாது. பொல்லு விடாது.

மயிலம்மா அடுப்பங்கரையிலிருந்து எழுந்து வந்தாள். இருபத்திரண்டு வயது. கண்கள் வீங்கியிருந்தன. கையில் கஞ்சி அகப்பை. ஒன்றும் கேட்காமல் அகப்பையால் ஆறாயியின் முகத்தில் அடித்தாள். பிறகு மயிரைப் பிடித்துச் சுவரோடு தள்ளினாள்.

"எம் புருசன் மண்டைய ஒடச்ச கட்டைக்கு மை பூசினது நீதான?"

"ஆமா."

"தம்பின்னு சொல்லிக்கிட்டு ஆஸ்பத்திரியில வந்து அழுத!"

"ஆமா."

"இன்னும் என்னடி ஆமா!"

மறுபடியும் அடி. ஆறாயியின் பல்லில் ரத்தம் கசிந்தது. அவள் மயிலம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அடி. நல்லா அடி. ஆனா ஒரு கைய மட்டும் இங்க வையி." அந்தக் கையை இழுத்துத் தன் தொடையில் அழுத்தினாள்.

மயிலம்மாவின் விரல்கள் சேலைக்கு உள்ளே இருந்ததைத் தடவின. உருண்டையாக, கெட்டியாக.

"சத்தம் போடாத," என்றாள் ஆறாயி. "வெள்ளவத்தைக்குப் போகணும். சட்ட எங்க?"

மயிலம்மா தன் வயிற்றைத் தொட்டாள். சேலைக்கு அடியில் சட்டையைச் சுற்றிக் கட்டியிருந்தாள். வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் அதை அவிழ்க்கவில்லை.

"நா ஒன்ன இன்னும் விடல மயினி," என்றாள். "பொய்யா இருந்துச்சுன்னா, ரயில்லயிருந்து தள்ளிப்புடுவேன்."

*

புரொக்டர் மக்கீனின் வீடு ரயில் பாதையை ஒட்டி, கடலைப் பார்த்தபடி இருந்தது. ஆறாயியின் முகத்தைப் பார்த்ததும் அவர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். யார் அடித்தது என்று கேட்டார். மயிலம்மா தரையைப் பார்த்தாள்.

"விழுந்துட்டேன்," என்றாள் ஆறாயி.

"கொம்பனியும் அதத்தான் சொல்லுது," என்றார் மக்கீன்.

சட்டையை மேசையில் விரித்தார்கள். கழுத்தில் ரத்தம் காய்ந்து பலகையாகியிருந்தது. அதன் ஓரத்தில் தோள்வரை ஒரு கறுப்புத் தடம், பெருவிரல் அகலத்துக்கு. கீழ்விளிம்பில் வேறொரு கறுப்பு. அது நிலக்கரி.

"ரெண்டும் ஒண்டு மாதிரித்தான் தெரியுது, தங்கச்சி."

"எலுமிச்சம்பழம் ஒன்னு குடுங்க ஐயா."

"தேசிக்காயா? எதுக்கு?"

"வேல முடிஞ்சா தோல வச்சுக் கை தேய்ப்பேன். சுண்ணாம்பு இருக்கிற எடத்துல பொரிஞ்சு நுரைக்கும். கரியில நுரைக்காது."

மக்கீன் கொஞ்சம் யோசித்தார். "எடத்துக்கு ஒரு துளிதான். மிச்சக் கறுப்பு நீதவானுக்கு வேணும்."

அவள் முதலில் கீழ்விளிம்பில் ஒரு துளி விட்டாள். கறுப்பு நனைந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. பிறகு கழுத்தருகே ஒரு துளி. மக்கீன் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். துளிக்குள்ளே கடுகு போல, கடுகிலும் சிறிதாகக் குமிழிகள் எழுந்து உடைந்தன.

"யா அல்லாஹ்," என்றார் மெதுவாக.

மயிலம்மா அந்தக் குமிழிகள் நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப பொல்லக் காட்டுங்க."

ஆறாயி உள்ளறைக்குப் போய்க் கட்டை அவிழ்த்து எடுத்து வந்தாள். கட்டிய இடங்களில் தொடை கன்றியிருந்தது. மக்கீன் வெள்ளைத் துணி ஒன்றைக் கொடுத்தார். அவள் பொல்லை அதனால் அழுத்தித் துடைத்தாள்.

துணி வெள்ளையாகவே இருந்தது.

மறுபடியும் துடைத்தாள். நுனியில், நடுவில், பிடியில். ஒன்றுமில்லை. பொல்லு கறுப்பாக, மங்கலாக, அமைதியாக இருந்தது. அவள் நகத்தால் சுரண்டினாள். நகம்தான் வழுக்கியது.

"எங்க கறுப்பு?" என்றாள் மயிலம்மா.

ஆறாயி துணியைத் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கடி கறுப்பு! ரயில்ல என்ன சொல்லிக் கூட்டிட்டு வந்த?" அவள் பொல்லைப் பிடுங்கினாள். மக்கீன் எழுந்திருக்குமுன் ஓங்கிவிட்டாள். ஆறாயி தலையைத் திருப்பினாள். அடி தோள்பட்டையில் இறங்கியது. எலும்பில் பட்ட சத்தம் அறை முழுவதும் கேட்டது.

ஆறாயி முழங்காலில் உட்கார்ந்தாள். வலியில் மூச்சு வரவில்லை. ஆனால் அவள் முதலில் பார்த்தது தன் தோளைத்தான். வெள்ளை ரவிக்கை. அவ்வளவு பலமான அடி. துணியில் ஒரு புள்ளி கறுப்பு இல்லை.

நல்ல வேலை. மூன்று பூச்சு, கணவாய் ஓட்டுத் தேய்ப்பு. இந்த ஒழுங்கைகளில் இப்படித் தேய்க்கக்கூடிய கை ஒன்றுதான் உண்டு. அது இவளுக்குத் தெரியாமல் மாதிரியை இறக்கி, கழுவி, மறுபடியும் பூசி, ஆணியில் மாட்டியிருக்கிறது. இருட்டில் இறக்கியபோதும் அவசரத்தில் கட்டியபோதும் அவள் அதைக் கவனிக்கவில்லை.

"பாவி மனுசா," என்றாள்.

மக்கீன் மயிலம்மாவின் கையிலிருந்து பொல்லை வாங்கினார். மயிலம்மா அழுதபடி உள்ளங்கையால் கன்னத்தைத் துடைத்தாள். கன்னத்தில் ஒரு கோடு விழுந்தது.

கறுப்புக் கோடு.

ஆறாயி வலியோடு எழுந்து அந்தக் கையைப் பிடித்து விரித்தாள். உள்ளங்கையின் குறுக்கே நூல் அளவுக்கு ஒரு கறுப்பு. மயிலம்மா ஓங்கிப் பிடித்த இடம் துரையின் காகிதப் பட்டை. வீச்சில் காகிதம் ஒரு மயிரிழை நகர்ந்திருந்தது. நகர்ந்த இடத்தில் பழைய பூச்சு எட்டிப் பார்த்தது.

சுடலைமுத்து காகிதத்தின் இரண்டு விளிம்புவரையும் கழுவியிருந்தான். காகிதத்தைத் தொடவில்லை.

ஆறாயியின் விரல் காகிதத்தின் ஓரத்துக்குப் போனது.

"வேணாம்!" என்று மக்கீன் கத்தினார். அதுவரை அவர் குரல் உயர்ந்ததில்லை. "அதப் பிரிக்க வேணாம் தங்கச்சி. துரைட கையெழுத்து முழுசா இருக்கோணும். நீதவான் தன்ட கையால பிரிக்கட்டும். உள்ளுக்கு இருக்கிற கறுப்புக்குத் துரையே சாட்சி."

பொல்லைப் பட்டுத் துணியில் சுற்றி இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்தார்.

"ஒண்டு மிச்சம். இது அந்த மாதிரிப் பொல்லுதான், இந்தப் பட்டைய ஒட்டும்போது துரை முன்னால நிண்டது நான்தான், பிறகு வெளியில மாத்திப் பூசினதும் நான்தான் எண்டு ஒருத்தர் வந்து சொல்லோணும். அது உங்கட மனுசன். அவர் வராட்டி, கறுப்ப நீங்களே உள்ளுக்கு வச்சு ஒட்டினீங்க எண்டு கொம்பனிக்காக வழக்காடுற அப்புக்காத்து சொல்லிப்போடுவார்."

"வருவாரு."

"பயந்த மனுசன் எண்டு கேள்விப்பட்டன்."

"ஆமாங்க," என்றாள் ஆறாயி. "பயந்த மனுசன்தான்."

மயிலம்மா அவளோடு பாதையைக் கடந்து கடற்கரைக்கு வந்தாள். தென்மேல் காற்றில் அலை கல்லில் அறைந்தது. இரண்டு பேரும் கணவாய் ஓடு பொறுக்கினார்கள். கூடை நிறைந்தபோது மயிலம்மா, ஆறாயியின் தோளைப் பார்த்தாள்.

"வலிக்குதா மயினி?"

"ஒடையல."

"ஒடச்சிருப்பேன்."

"தெரியும்."

*

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவள் பட்டறைக்குள் நுழைந்தாள்.

பொல்லுகள் கயிற்றில் வரிசையாகத் தொங்கின. மூன்றாவது பூச்சும் முடிந்து கண்ணாடிபோல மினுங்கின. சுடலைமுத்து சுவரோரம் சாய்ந்திருந்தான். இடது கையில் துணி உருண்டை. வலது கை மடியில் கிடந்தது. நடுவிரலும் மோதிர விரலும் பின்பக்கமாக வளைந்திருந்தன. சுண்டுவிரல் இருந்த விதத்தை அவள் பார்க்கவில்லை.

"மாதிரி எங்கன்னு திரும்பக் கேட்டாங்க," என்றான். "அடுப்புலன்னேன். வெரலுக்கு ஒருதரம் கேட்டாங்க."

"நீங்க?"

"வெரலுக்கு ஒருதரம் அடுப்புலன்னேன். மிச்சத்த இடது கையால பூசினேன். ஒரு பூச்சு கோணலாயிருக்கும்."

அவள் அம்மியை இழுத்துப் போட்டு ஓட்டை நொறுக்கத் தொடங்கினாள். கல்லின் சத்தம் பட்டறையை நிறைத்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில் பேசினாள்.

"மாதிரிக்கு எப்ப பூசினீங்க?"

அவன் கண்ணை மூடினான். "வேல அனுப்பின மறுநாளு."

"ஏன்?"

"பியானோ கொடுத்த வெள்ளைக்காரம்மா வந்துச்சு. செவுத்துல இருந்ததத் தொட்டுப் பாத்துட்டு, கைக்குட்டைய எடுத்து வெரலத் தொடச்சுச்சு. என்னயப் பாத்துக்கிட்டே தொடச்சுச்சு. என்னால தாங்க முடியல புள்ள. அப்பிடி ஒரு வேல நம்ம செவுத்துல தொங்கலாமா?"

"பேப்பர ஏன் விட்டீங்க?"

"தொரை கையெழுத்து. அதுல ஸ்பிரிட் பட்டா மை கலைஞ்சிரும். அதத் தொட நமக்கு ஏது தைரியம்?"

சொல்லிவிட்டு அவன் கண்ணைத் திறந்தான். அவளைப் பார்த்தான். அவளுடைய கை அம்மியில் நிற்கவில்லை.

"அடியில..." என்றான்.

"அப்பிடியே இருக்கு. புரொக்டர் பூட்டி வச்சிருக்காரு. நாளைக்குப் பத்து மணிக்கு நீங்க வந்து சொல்லணும்."

வாசலில் காவல்காரன் தும்மினான். சுடலைமுத்து தன் வலது கையை இடது கையால் தூக்கிப் பார்த்தான். யாருடையதோ போல.

"சத்தியம் பண்ண எந்தக் கையத் தூக்குறது?"

"இருக்கிற கைய."

அவள் தூளைச் சலித்து எண்ணெயில் குழைத்தாள். முதல் பொல்லைத் தேய்த்தாள். மினுக்கம் மெல்ல மெல்லச் செத்தது. வலிக்கும் தோளோடு அறுபதையும் தேய்த்தாக வேண்டும். ஒவ்வொன்றாக. அடிபட்டவன் மேல் எந்த அடையாளமும் விடாதபடி.

இருபதாவதில் சுடலைமுத்து சொன்னான்: "வாரேன்."

*

ஐந்து மணிக்கு ஒஸ்வால்ட் வந்தான்.

அறுபதும் காய்ந்து, துடைத்து, பலகையில் அடுக்கியிருந்தன. கொட்டாஞ்சேனைக் கோயில் மணி கேட்டது. அவன் மார்புப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தான். ஒரு பொல்லை எடுத்து அழுத்தித் துடைத்தான். கைக்குட்டையை வெளிச்சத்தில் பிடித்தான். எச்சில் தொட்டு மறுபடியும் துடைத்தான். வெள்ளை.

பத்துப் பொல்லுகளைப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"இத முதல்லயே செஞ்சிருந்தா உனக்கு இந்தக் கரைச்சல் வந்திருக்குமா, மேன்?"

சுடலைமுத்து ஒடிந்த விரல்களை மடியில் மறைத்துக்கொண்டான்.

"லொறியில ஏத்துங்க."

காவல்காரர்கள் கட்டுக் கட்டாகத் தூக்கினார்கள். ஆறாயி வழிவிட எழுந்தாள். மிச்சமிருந்த எண்ணெய்ச் சட்டியை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனாள். ஏழெட்டு அடி. சட்டியை வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

ஒஸ்வால்ட் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தான். பாதியில் மடிப்பு நின்றது. அவன் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்தான்.

"காலையில போகேக்க நொண்டினாய்."

ஆறாயி நின்றாள்.

"கால் மடங்கவே இல்ல. கட்டை மாதிரி." அவன் ஆணியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். கைக்குட்டை கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. "கடற்கரையில என்ன மருந்து போட்டாய்?"

ஆறாயியின் கண் வாசலுக்குப் போனது.

"எங்க கொண்டு போனாய்? வெள்ளவத்தைக்கா?" அவன் வாசலில் நின்றவனிடம் திரும்பாமலே சொன்னான்: "தம்பி, கதவைச் சாத்து."

கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. வாசல் காவல்காரர்கள் இருவரும் உள்ளே வந்தார்கள். ஆறாயி பின்வாங்கினாள். அம்மி காலில் தட்டியது.

சுவரோரம் சுடலைமுத்து எழுந்தான். நாற்பத்தைந்து வயதில் அவன் யார் மேலும் கை ஓங்கியதில்லை. பலகையில் ஏற்றாமல் விட்ட கடைசிக் கட்டு கிடந்தது. அவன் குனிந்து ஒன்றை உருவினான். இடது கையில். உள்ளங்கை வியர்த்து ஒழுகியது.

பொல்லு கொஞ்சமும் வழுக்கவில்லை.